காம்ப்ளிமென்ட் கோளாறால் வரும் சிறுநீரக நோய்கள்: முதல் ரத்த மாதிரியிலிருந்து மாற்றுச் சிறுநீரகம் வரை

ஏழு வயதுப் பையன் ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாலு நாளாக வயிற்றுவலி, வாந்தி, கொஞ்சம் பேதி. முகம் வெளிறி லேசாக வீங்கியிருக்கிறது. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது, அதுவும் குறைவாக. ரத்தத்தில் தட்டணுக்கள் 40,000. மழைக்காலமாக இருந்தால் நம் ஊரில் யார் வாயிலும் முதலில் வரும் பெயர் டெங்கு. அட்மிட் செய்து, குளுக்கோஸ் ஏற்றி, தட்டணு எண்ணிக்கையைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலாம் நாள், சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 6ஐத் தொடும்போதுதான் யாரோ ஒருவர் ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்.

இந்த வழிகாட்டி அந்த நாலு நாளைப் பற்றியது. இளம் மருத்துவர்களையும், வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்று கேள்விப்பட்டுத் தேடி வருபவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இந்த நோய்களில் எந்த மருந்து கொடுக்கிறோம் என்பதைப் போலவே எதை எதற்கு முன்னால் செய்கிறோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

நீறு பூத்த நெருப்பு

கிருமிகளைக் கொல்ல ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் புரதக் கூட்டம்தான் காம்ப்ளிமென்ட். தமிழ்ப் பாடநூல்களில் 'நிரப்புக்கூறு' என்று இருக்கலாம். வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இது மூன்று பாதைகளில் தூண்டப்படும். அவற்றில் இரண்டு யாராவது கதவைத் தட்டினால்தான் எழும். மூன்றாவதான மாற்றுப் பாதை அப்படியல்ல, அது நீறு பூத்த நெருப்பு. சி3 என்ற புரதம் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, பக்கத்தில் உள்ள எதன்மீதும் ஒட்டிக்கொள்ளும். கிருமியின் மீது ஒட்டினால் பற்றி எரியும். நம் சொந்த செல் என்றால் ஃபேக்டர் எச், ஃபேக்டர் ஐ, செல்லின் மேல் நிற்கும் சிடி46 ஆகியவை சாம்பலாக மூடி அணைத்துவிடும்.

மரபணுக் கோளாறாலோ, ஃபேக்டர் எச்சுக்கு எதிராக உடலே உருவாக்கும் ஆன்டிபாடியாலோ அந்தச் சாம்பல் கலைந்துவிட்டால் என்ன ஆகும்? நுண் ரத்தக் குழாய்களின் உள்சுவரில் தீ பிடித்தால் அங்கே ரத்தம் உறையும், சிவப்பணுக்கள் அந்த இடுக்கில் நுழைந்து கிழியும், தட்டணுக்கள் செலவாகும், சிறுநீரகம் சில நாட்களில் படுத்துவிடும். இது ஏ.எச்.யு.எஸ்., அதாவது வழக்கமில்லாத வகை ஹீமோலிடிக் யுரீமிக் சிண்ட்ரோம். தீ ரத்த ஓட்டத்திலேயே எரிந்து, சி3இன் சிதறல்கள் சிறுநீரக வடிகட்டியில் படிந்துகொண்டே போனால் அது சி3 குளோமெருலோபதி. முதலாவது புயல்போல வரும், இரண்டாவது பெரும்பாலும் கரையான்போல அரிக்கும். கண்டுபிடிக்கும் வழியும் அவசரத்தின் அளவும் இரண்டுக்கும் வேறு.

முதல் படி: மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள்

ஹீமோகுளோபின் இறக்கம், தட்டணு இறக்கம், கிரியாட்டினின் ஏற்றம். இந்த மூன்றும் ஒரே தாளில் இருந்தால் அன்றே கேட்க வேண்டியவை: ரத்தத் துளிப் பரிசோதனை; சிவப்பணுக்கள் உடைவதைக் காட்டும் எல்.டி.எச்., ஹேப்டோகுளோபின்; இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளின் எண்ணிக்கை; சிவப்பணுக்கள் மீது ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரடி கூம்ப்ஸ் பரிசோதனை; ரத்த உறைவு நேரங்களான பி.டி., ஏ.பி.டி.டி. ரத்தத் துளியில் ஹெல்மெட் வடிவத்தில், முக்கோணமாகக் கிழிந்த சிவப்பணுக்கள் தெரிந்து, எல்.டி.எச். எகிறி, கூம்ப்ஸ் நெகட்டிவ், ரத்த உறைவு நேரம் இயல்பு என்றால் இது த்ராம்போடிக் மைக்ரோஆஞ்ஜியோபதி, அதாவது நுண் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் நிலை. சுருக்கமாக டி.எம்.ஏ. தட்டணு 1,50,000க்குக் கீழே வந்தாக வேண்டும் என்பதில்லை. ஒருவரின் வழக்கமான அளவிலிருந்து கால் பங்கு இறங்கியிருந்தாலும் கணக்கில் எடுங்கள்.

டெங்குவில் பிளாஸ்மா கசிவதால் ரத்தம் கெட்டியாகி ஹீமடோகிரிட் ஏறும். இங்கே அது சரசரவென்று இறங்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே மேலே சொன்ன பையனுக்கு மூன்று நாள் மிச்சம். எலிக்காய்ச்சலும் மலேரியாவும்கூட தட்டணுவையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே அடிக்கும். அவற்றுக்கான பரிசோதனைகளையும் அனுப்பிவிடுங்கள். கிராமத்திலிருந்து வருபவர் என்றால் பாம்புக்கடி உண்டா என்று கேட்பது அவசியம். கண்ணாடி விரியன் கடித்த பிறகும், இலங்கையில் கூனல் மூக்கு விரியன் கடித்த பிறகும் இதே டி.எம்.ஏ. வருவது நன்கு பதிவான விஷயம்.

இன்னொன்று. தட்டணு குறைவு என்று பார்த்தவுடன் தட்டணுப் பை ஏற்றத் தோன்றும். ரத்தக் கசிவோ, தள்ளிப்போட முடியாத அறுவையோ இல்லாமல் ஏற்ற வேண்டாம்.

இரண்டாம் படி: பிளாஸ்மாவுக்கு முன் ரத்தம்

பெரும்பாலான இடங்களில் தவறு நடப்பது இங்கேதான். அவசரத்தில் உறைநிலைப் பிளாஸ்மாவை ஏற்றிவிடுகிறோம். மறுநாள் 'ஆடம்ட்ஸ்13 அனுப்பினீர்களா' (டி.டி.பி. என்ற ஒத்த நோயைப் பிரித்துக் காட்டும் நொதிப் பரிசோதனை) என்று யாராவது கேட்கும்போது, நோயாளியின் ரத்தத்தில் பாதி வேறொருவருடையது. ஆகவே பிளாஸ்மாவோ, பிளாஸ்மா மாற்றமோ (நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு வேறு பிளாஸ்மா செலுத்துவது) தொடங்கும் முன் இவற்றை எடுத்து வையுங்கள்.

சிட்ரேட் குழாய் ஒன்று, ஆடம்ட்ஸ்13 செயல்பாட்டுக்கு. வெறும் சீரம், சி3, சி4, ஃபேக்டர் எச் ஆன்டிபாடி ஆகியவற்றுக்கு. ஈ.டி.டி.ஏ. குழாய் இரண்டு: ஒன்று மரபணுப் பரிசோதனைக்கு, இன்னொன்று வெள்ளணுக்களில் சிடி46 அளவைப் பார்க்க. காம்ப்ளிமென்ட் எவ்வளவு எரிகிறது என்று காட்டும் சி.எச்.50, கரையும் சி5பி-9 போன்றவற்றைக் கேட்பதாக இருந்தால் உடனே பிரித்து ஆழ்உறைநிலையில் வைக்க முடியுமா என்று முதலில் லேபில் கேளுங்கள். வெப்பத்தில் நின்ற குழாயில் காம்ப்ளிமென்ட் தானாகவே எரிந்து தீர்ந்திருக்கும். வரும் எண்ணை நம்ப முடியாது. அந்த வசதி இல்லாத இடத்தில் இந்த இரண்டையும் விட்டுவிடுவது நல்லது. தவறான எண் இல்லாத எண்ணைவிட மோசம்.

சி3 குறைந்து சி4 இயல்பாக இருந்தால் மாற்றுப் பாதை எரிகிறது என்று பொருள். ஆனால் சி3 இயல்பு என்று வந்ததை வைத்து ஏ.எச்.யு.எஸ். இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இந்த நோயில் பலருக்கு சி3 இயல்பாகவே இருக்கும். தீ செல்லின் மேற்பரப்பில், ரத்தத்தில் அல்ல. சி3, சி4 இரண்டும் குறைவு என்றால் உடல் தன்னையே தாக்கும் லூபஸ் நோயின் பக்கம் பாருங்கள்.

மூன்றாம் படி: ஒத்த முகங்களை ஒதுக்குவது

ஏ.எச்.யு.எஸ்.ஸுக்கு 'ஆம்' என்று சொல்லும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக வெளியேற்றித்தான் அங்கே வந்து சேர்கிறோம்.

முதலில் டி.டி.பி., அதாவது த்ராம்போடிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா: ஆடம்ட்ஸ்13 நொதி இல்லாமல் நுண் ரத்தக் குழாய்கள் அடைபடும் நோய். ஆடம்ட்ஸ்13 செயல்பாடு 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது டி.டி.பி.; சிகிச்சை வேறு. முடிவு வரச் சில நாட்கள் ஆகும் இடங்களில், பெரியவர்களுக்கு டி.டி.பி. வாய்ப்பைக் கணக்கிடும் பிளாஸ்மிக் மதிப்பெண் கைகொடுக்கும். தட்டணு 30,000க்குக் கீழே, கிரியாட்டினின் 2க்குக் கீழே என்பவை அதில் டி.டி.பி. பக்கம் சாய்க்கும் அம்சங்கள். மதிப்பெண் 6 அல்லது 7 என்றால் முடிவுக்குக் காத்திராமல் பிளாஸ்மா மாற்றத்தைத் தொடங்க வேண்டும். குழந்தைகளில் டி.டி.பி. மிக அரிது.

அடுத்தது ஷிகா நச்சு. மலத்தில் அந்த நச்சை உண்டாக்கும் ஈ.கோலை இருக்கிறதா, தெற்காசியாவில் என்றால் ஷிகெல்லா டிசென்டரியே முதல் வகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேதி இருந்தால் 'வழக்கமான வகை', இல்லாவிட்டால் 'வழக்கமில்லாத வகை' என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். ஃபேக்டர் எச் ஆன்டிபாடி நோயுள்ள குழந்தைகளில் பலருக்கு வயிற்றுவலியும் வாந்தியும் பேதியும்தான் தொடக்கம்.

நிமோனியாவோ மூளைக்காய்ச்சலோ கூடவே இருந்து கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்றால் நிமோகாக்கஸ் காரணமாக இருக்கலாம். அங்கே பிளாஸ்மா தீமை செய்யக்கூடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹோமோசிஸ்டீனும் மெத்தில்மலோனிக் அமிலமும் கட்டாயம் பார்க்க வேண்டும். கோபாலமின் சி என்ற வளர்சிதைக் கோளாறு இருந்தால் அதற்கு மருந்து வைட்டமின் பி12 ஊசியின் ஒரு வடிவமான ஹைட்ராக்ஸோகோபாலமின். அதைத் தவறவிட்டு லட்சங்களில் விலை உள்ள மருந்தைத் தேடி ஓடுவது கொடுமை. அதே வயதில் வரும் டி.ஜி.கே.ஈ. மரபணு நோயிலும் காம்ப்ளிமென்ட் தடுப்பு மருந்து பொதுவாக உதவாது.

பெரியவர்களில் லூபஸ், ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி, புற்றுநோய், எகிறிய ரத்த அழுத்தம், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், குயினைன், ஜெம்சிடாபின் போன்ற மருந்துகள் என்று பட்டியல் நீளம். பிரசவம் தனியாகச் சொல்ல வேண்டியது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் உடைந்து, கல்லீரல் பாதித்து, தட்டணு குறையும் ஹெல்ப் சிண்ட்ரோம் என்றால் குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் எண்கள் திரும்பத் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் கடந்தும் தட்டணு ஏறவில்லை, கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது என்றால் இனியும் 'பிரசவத்தால்' என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. கர்ப்பத்தோடு சேர்ந்து வரும் ஏ.எச்.யு.எஸ்.ஸில் பெரும்பங்கு பிரசவத்துக்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது.

நான்காம் படி: ஏ.எச்.யு.எஸ். என்றால் எந்த வழி

உலகப் பாடநூல் சொல்வது ஒன்று. காம்ப்ளிமென்ட் கூட்டத்தின் இன்னொரு புரதமான சி5ஐத் தடுக்கும் இக்குலிசுமாப்பை முடிந்தவரை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கு என்கிறது அது. அமெரிக்காவில் ஏ.எச்.யு.எஸ்.ஸுக்கு இது 2011இல் அனுமதி பெற்றது. பெரியவர்களுக்கு வாரம் 900 மில்லிகிராம் வீதம் நான்கு வாரம், ஐந்தாம் வாரம் 1,200, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை 1,200. அதன் நீண்ட நாள் வேலை செய்யும் வடிவமான ராவுலிசுமாப் 2019இல் வந்தது. பெரியவர்களுக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நன்றாக வேலை செய்யும் மருந்துகள். விலைதான் சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாதது.

இந்தியக் குழந்தைகளில் கதை வேறு. இங்கே ஏ.எச்.யு.எஸ். குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் காரணம் ஃபேக்டர் எச் ஆன்டிபாடி. ஐரோப்பிய ஆய்வுகளில் இதன் பங்கு பொதுவாக இதைவிட மிகக் குறைவு. பெரும்பாலும் பள்ளி வயதுக் குழந்தைகள், சி.எஃப்.எச்.ஆர்.1 என்ற மரபணு இரு பிரதியிலும் இல்லாதவர்கள். ஆன்டிபாடியை வெளியேற்றி, புதிதாக உருவாகாமல் தடுத்தால் போதும். அதற்கு வேண்டியவை பிளாஸ்மா மாற்றமும், பல ஆண்டுகளாக நம் மருந்தகங்களில் இருக்கும் மருந்துகளும்தான். இத்தனை எளிதாகக் கைக்கு எட்டும் காரணத்தை, பரிசோதனையை அனுப்பாததால் தவறவிடுவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

பிளாஸ்மா மாற்றம் தினமும். ஒரு முறைக்கு பிளாஸ்மா கொள்ளளவில் ஒன்றரை மடங்கு, அதாவது கிலோவுக்கு 60 மில்லிக்குக் குறையாமல். தட்டணு ஒரு லட்சத்தைத் தாண்டி, எல்.டி.எச். இறங்கி, கிழிந்த சிவப்பணுக்கள் மறைந்து, இரண்டு நாளாவது அப்படியே நிற்க வேண்டும். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் இருமுறை என்று மெல்லக் குறைக்கலாம். இரண்டு தடவை செய்துவிட்டு 'பலனில்லை' என்று நிறுத்துவது பலனில்லாததற்கு நாமே வழி செய்வது. ஆன்டிபாடி முடிவு வந்ததும் ப்ரெட்னிசலோனோடு சைக்ளோபாஸ்ஃபமைடோ ரிட்டுக்சிமாப்போ சேர்க்க வேண்டும். அது முடிந்ததும் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மைகோஃபினோலேட் அல்லது அசதயோப்ரினில் ஓராண்டுக்கும் மேல் வைத்திருந்து, இடையிடையே ஆன்டிபாடி அளவைப் பார்த்து வர வேண்டும். அளவு மறுபடி ஏறுகிறது என்றால் நோய் திரும்பப்போகிறது என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்மா மாற்றும் கருவி அந்த ஊரில் இல்லையா? உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். அனுப்பும் வரை கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி பிளாஸ்மா ஏற்றலாம். ஆனால் சிறுநீர் போகாத குழந்தைக்கு நுரையீரலில் நீர் கோக்கும், ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும்; ஆகவே டயாலிசிஸைத் தயாராக வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் நடுவே ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் சாதாரண வேலையை யாரும் மறந்துவிடக் கூடாது.

சி5 தடுப்பு மருந்து கிடைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சி5ஐ அடைத்தால் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமியைக் கொல்லும் ஆயுதமும் போய்விடுகிறது. அந்தத் தொற்றின் அபாயம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது. ஏ, சி, டபிள்யூ, ஒய் தடுப்பூசியும் பி வகைத் தடுப்பூசியும் இரண்டு வாரம் முன்பே போட வேண்டும் என்பது விதி. அவசரத்தில் அது முடியாது. எனவே மருந்தையும் தடுப்பூசியையும் சேர்த்துத் தொடங்கி, பென்சிலின் மாத்திரையால் பாதுகாப்பு கொடுப்பார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் இந்தத் தொற்று வந்திருக்கிறது. இந்த மருந்தில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. ஒரு சுவாரசியமான விதிவிலக்கும் உண்டு: ஜப்பானியர்களில் சுமார் 3 சதவீதம் பேரின் சி5இல் உள்ள ஒரு சிறு மாறுதலால் இக்குலிசுமாப் அதைப் பிடிக்கவே முடியாது.

ஐந்தாம் படி: மெதுவாக வரும் சி3 குளோமெருலோபதி

இங்கே கதவைத் தட்டுவது பெரும்பாலும் சிறுநீர்ப் பரிசோதனை. புரதம், ரத்த அணுக்கள், குறைந்த சி3, இயல்பான சி4. தொண்டைப் புண்ணோ தோல் புண்ணோ வந்த பிறகு குழந்தைகளுக்கு வரும் சிறுநீரக அழற்சியும் முதல் நாளில் இப்படியேதான் இருக்கும். பிரிப்பது காலம். தொற்றுக்குப் பிந்தைய அழற்சியில் சி3 ஆறு முதல் எட்டு வாரத்தில் ஏறிவிடும். மூன்று மாதம் கழித்தும் கீழேயே கிடந்தால் பயாப்சி, அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. 'மறுபடி சி3 பார்க்க வேண்டும்' என்ற குறிப்பு டிஸ்சார்ஜ் தாளில் எழுதப்படாமல் போனதால் ஆண்டுக்கணக்கில் தாமதமாவது உண்டு. பெற்றோராக இருந்தால் நீங்களே தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பயாப்சித் துண்டை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: ஃபார்மலினில் ஒன்று, படிந்த புரதங்களை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்சுக்கு ஒன்று, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு குளூட்டரால்டிஹைடில் ஒன்று. அந்த மைக்ரோஸ்கோப் அந்த ஊரில் இல்லாவிட்டாலும் எடுத்து வையுங்கள். பிறகு அனுப்பலாம், பிறகு எடுக்க முடியாது. சி3 ஒளிர்வு மற்ற எல்லாவற்றையும்விடக் குறைந்தது இரண்டு படி தூக்கலாக இருந்தால் சி3 குளோமெருலோபதி என்பது 2013இல் ஏற்கப்பட்ட வரையறை. அடித்தளச் சவ்வுக்குள்ளேயே கரிய நாடா போலப் படிவு ஓடினால் டென்ஸ் டெபாசிட் நோய், மற்றது சி3 குளோமெருலோநெஃப்ரைடிஸ். டென்ஸ் டெபாசிட் நோயில் விழித்திரையிலும் படிவுகள் வரும் என்பதால் கண் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

ரத்தத்தில் தேட வேண்டியது சி3 நெஃப்ரிடிக் ஃபேக்டர். சி3ஐ வெட்டும் நொதியைச் சிதையவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆன்டிபாடி அது. ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றால் எதற்கும் முன்னால் சீரம் எலக்ட்ரோஃபோரசிஸ், இம்யூனோஃபிக்சேஷன், ஃப்ரீ லைட் செயின் பாருங்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் ஒற்றை வகைப் புரதம் காம்ப்ளிமென்டைத் தூண்டிவிட்டிருந்தால் சிகிச்சை மஜ்ஜைக்குத்தான். குடும்பத்தில் பலருக்கு என்றால் மரபணு. சைப்ரஸ் தீவில் தலைமுறை தலைமுறையாக ஓடிய ஒரு சிறுநீரக நோய்க்கு சி.எஃப்.எச்.ஆர்.5 மரபணுவில் ஒரு பகுதி இரட்டித்திருப்பதே காரணம் என்று 2010இல் தெரியவந்தது.

சிகிச்சையில் அடித்தளம் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும், புரதக் கசிவைக் குறைக்கும் ஏ.சி.ஈ. தடுப்பான் அல்லது ஏ.ஆர்.பி. மாத்திரையும். சிறுநீரில் புரதம் நாளுக்கு ஒரு கிராமைத் தாண்டி, நோய் முன்னேறுகிறது என்றால் மைகோஃபினோலேட்டும் ஸ்டீராய்டும். நெடுங்காலம் இதோடு நின்றது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ பாதிப்பேர் டயாலிசிஸில் போய் நின்றார்கள். 2025இல் நிலைமை மாறியது. மாற்றுப் பாதையின் ஃபேக்டர் பி என்ற புரதத்தைத் தடுக்கும் இப்டகோபான் மாத்திரை, தினம் இருமுறை 200 மில்லிகிராம், அந்த மார்ச்சில் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆய்வில் ஆறு மாதத்தில் புரதக் கசிவு போலி மருந்தோடு ஒப்பிட்டால் சுமார் 35 சதவீதம் குறைந்தது. ஜூலையில் சி3ஐயே கட்டிப்போடும் பெக்செட்டகோப்ளான் வந்தது. வாரம் இருமுறை தோலுக்கடியில் செலுத்த வேண்டும். அங்கே அந்த வித்தியாசம் 68 சதவீதம். இரண்டு ஆய்வுகளின் நோயாளிகளும் ஒரே மாதிரி அல்ல, எண்களை நேருக்கு நேர் நிறுத்தி எது பெரியது என்று சொல்ல முடியாது. இவற்றுக்கும் மெனிஞ்சோகாக்கஸ், நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் முன்கூட்டியே வேண்டும்.

ஆறாம் படி: நிறுத்துவதும் மாற்றுவதும்

சி5 மருந்தை ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா? 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் மருந்தை நிறுத்திய 55 பேரில் 13 பேருக்கு நோய் திரும்பியது. காம்ப்ளிமென்ட் மரபணு மாறுதல் உள்ளவர்களுக்கே திரும்பும் அபாயம் அதிகம். எனவே மரபணு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்துவது பற்றிப் பேசலாம். நிறுத்திய பிறகு சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகளை வீட்டில் வாங்கி வைத்து, ரத்தம் தெரிகிறதா என்று வாரத்தில் சில நாள் பார்ப்பது மலிவான, நம்பகமான காவல். சளி, காய்ச்சல் வரும் நாட்களில் தினமும். நிறம் மாறினால் அன்றே ரத்தப் பரிசோதனை.

மாற்றுச் சிறுநீரகம் என்று வரும்போது மரபணுத் தாள் இன்னும் பேசும். சிடி46இல் மட்டும் கோளாறு என்றால் புதிய சிறுநீரகம் தன் சொந்த சிடி46ஐக் கொண்டுவரும். நோய் திரும்புவது அரிது. ஃபேக்டர் எச்சில் கோளாறு என்றால் அதைச் செய்யும் கல்லீரல் பழையதேதான், எனவே தடுப்பு மருந்து இல்லாமல் மாற்றினால் புதிய சிறுநீரகமும் அடிவாங்கும். சி3 குளோமெருலோபதியும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வருகிறது. அம்மாவோ அண்ணனோ கொடுக்க முன்வந்தால், நோயாளியிடம் கண்ட மரபணு மாறுதல் அவர்களிடமும் இருக்கிறதா என்று பார்க்காமல் அறுவைக்குத் தேதி குறிக்கக் கூடாது. சிறுநீரகம் கொடுத்துவிட்டு, கொடுத்தவருக்கே ஏ.எச்.யு.எஸ். வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.